பிளம்ஸ் மரத்தடியிலிருந்து மேசை வரை: ருமேனியாவின் ட்ஸுய்கா, ஒரு முழுமையான வழிகாட்டி

ருமேனியாவில் ஒரு கிராமத்து வீட்டுக்குப் போனால், நாற்காலியை இழுத்துப் போடுவதற்கு முன்பே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி உங்கள் கைக்கு வந்துவிடும். உள்ளே இருப்பது ட்ஸுய்கா, பிளம்ஸ் பழத்தை ஊறவைத்துக் காய்ச்சி வடித்த சாராயம். பெரும்பாலும் அந்த வீட்டுத் தோட்டத்துப் பழம், அந்த வீட்டுக்காரரே ராத்திரி கண்விழித்து வடித்தது, அதனால் நீங்கள் முதல் வாய் குடிக்கும்போது அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். வேலை நிமித்தமாக அர்ஜெஷ் மாவட்டத்தில், பிடெஷ்ட் நகருக்கு வடக்கே குன்றும் தோட்டமுமாக இருக்கும் பகுதியில் நான் மூன்று இலையுதிர் காலங்கள் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவரை எல்லோரும் 'நேனியா' என்றுதான் கூப்பிடுவார்கள். நம் 'மாமா' மாதிரி, சொந்தமே இல்லாதவர்களும் கூப்பிடலாம். அவரிடம் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சாராயத்தில் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதுதான் அதிகம். சர்க்கரை போடக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, தீயைக் கூட்டக் கூடாது, அவசரப்படக் கூடாது. இந்த நாலையும் காப்பாற்றினால் மீதியைப் பழமே பார்த்துக்கொள்ளும்.

சட்டம், சுருக்கமாக

ருமேனியாவில் வீட்டுத் தோட்டத்துப் பழத்தை வைத்துச் சொந்த உபயோகத்துக்குச் சாராயம் வடிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 40 சதவீத வலிமையில் 50 லிட்டர் வரை கலால் வரி பாதிதான். விற்பது வேறு கதை, அதற்குத் தனி உரிமம் வேண்டும். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் சாராயம் காய்ச்சுவது குற்றம். ஆகவே காய்ச்சும் பகுதியை, அங்கே வசிப்பவர்களும் அங்கே போகிறவர்களும் புரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன். கடைசியில் வரும் சூடான ட்ஸுய்காவும் செர்ரி ஊறலும் கடையில் வாங்கியதை வைத்துச் செய்வது, அதில் காய்ச்சி வடிக்கும் வேலையே கிடையாது.

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

தெற்கே, அதாவது அர்ஜெஷ், வில்ச்சா, பிரஹோவா பக்கம், ஒரே முறை வடித்த பிளம்ஸ் சாராயத்துக்கு ட்ஸுய்கா என்று பெயர். வலிமை 25 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். மலையைத் தாண்டி ட்ரான்சில்வேனியாவுக்குள் போனால் இரண்டு முறை வடிப்பார்கள், அது பலிங்கா. 50 சதவீதத்துக்கு மேல் சர்வ சாதாரணம். பிளம்ஸ் மட்டுமின்றி ஆப்பிள், பேரிக்காய், ஆப்ரிகாட்டிலும் பலிங்கா உண்டு. இன்னும் வடக்கே மரமுரெஷ் போனால் அதே இருமுறைச் சரக்குக்கு ஹொரிங்கா என்று பெயர். அங்கே போய் "ட்ஸுய்கா இருக்கா" என்று கேட்டால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், ஒரே முறை வடித்ததைத் தங்களுடையதோடு சேர்த்துப் பேசுவது அவர்களுக்குப் பிடிக்காது. பலிங்கா என்ற சொல் 'எரித்தல்' என்ற பொருள் கொண்ட ஸ்லாவிய வேரிலிருந்து வந்தது. ஹங்கேரிக்காரர்களும் கிட்டத்தட்ட இதே பெயரைத்தான் சொல்கிறார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பெயர்ப் பட்டியலில் இரு நாட்டு எழுத்துக்கூட்டலும் தனித்தனியே இடம்பெற்றன. ட்ஸுய்கா டெ அர்ஜெஷ், ஹொரிங்கா டெ கமர்ஸானா போன்ற ஊர்ப் பெயர்களும் அந்தப் பட்டியலில் வந்தவைதான்.

பொதுவாக எந்தப் பழச் சாராயத்துக்கும் 'ராக்யு' என்பார்கள். துருக்கி வழியாக வந்த அரபுச் சொல் இது. மூலச் சொல்லான 'அரக்' என்பதற்கு வியர்வை என்று பொருள், குழாய் முனையில் சொட்டுச் சொட்டாக வியர்ப்பதைப் பார்த்து வைத்த பெயர். இலங்கையில் தென்னஞ்சாராயப் போத்தல்களில் இருக்கும் பெயரும் அதே அரபு வேரிலிருந்து கிளைத்ததுதான்.

பழம்

ருமேனியப் பழத்தோட்டங்களில் அதிகம் இருப்பது பிளம்ஸ் மரம்தான். நம் கடைகளில் கிடைக்கும் சிவந்த, உருண்டையான, புளிப்புப் பிளம்ஸை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். அங்கே இருப்பது நீள்வட்டமான, கருநீலமான, சதை கெட்டியான பழம். தோலின் மேல் திராட்சையில் இருப்பது போல ஒரு வெண்சாம்பல் பூச்சு இருக்கும், விரலால் தேய்த்தால் போய்விடும். பிஸ்த்ரிட்ஸா என்ற பழைய ரகம், க்ராசே ரொமனெஷ்டி, துலெயு க்ராஸ், இவை மூன்றும் பேர் போனவை. துலெயு க்ராஸின் பூவுக்குத் தன் மகரந்தம் உதவாது, பக்கத்தில் வேறு ரக மரம் இல்லையென்றால் காய்க்காது. புதிதாகத் தோட்டம் வைக்கிறவர்கள் இதை மறந்துவிட்டு நாலைந்து வருடம் வெறும் பூவைப் பார்த்துக்கொண்டு நிற்பதுண்டு.

பழத்தைப் பறிக்கக் கூடாது, உதிர விட வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை போகும். காம்பு ஓரத்தில் தோல் சுருங்கத் தொடங்கியிருந்தால் சர்க்கரை ஏறிவிட்டது என்று அர்த்தம். மாமா ஒரு பழத்தை எடுத்து, காம்புப் பக்கம் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்ப்பார். வழவழப்பாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுக் கூடையை வைத்துவிட்டுப் போய்விடுவார், இன்னும் ஒரு வாரம் ஆகட்டும் என்று. சுருக்கம் தட்டுப்பட்ட நாளில்தான் மரத்தடியில் சாக்கை விரித்துக் கிளையை மெதுவாக உலுக்குவார்கள்.

பொறுக்கும்போது பூஞ்சை பிடித்தது, அழுகியது, மண் ஒட்டியது எல்லாவற்றையும் கழித்துவிட வேண்டும். "எப்படியும் காய்ச்சத்தானே போகிறோம்" என்று எல்லாவற்றையும் அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. அழுகலின் வாடை ஆவியோடு ஏறி அப்படியே குப்பிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், எத்தனை முறை வடித்தாலும் முழுக்கப் போகாது. கழுவவும் வேண்டாம். அந்த வெண்பூச்சோடு ஒட்டியிருக்கும் இயற்கை ஈஸ்ட்தான் நமக்கு வேண்டிய ஆள்.

எவ்வளவு பழத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். நல்ல இனிப்பான பழம் 100 கிலோ இருந்தால் 50 சதவீத வலிமையில் எட்டு முதல் பத்து லிட்டர் எதிர்பார்க்கலாம். மழை அதிகமான வருடம் அதுவும் கிடைக்காது.

ஊறல்

நொதித்த பழக் கூழுக்கு அங்கே 'போர்ஹோட்' என்று பெயர். நம் ஊரில் ஊறல் என்போமே, அதேதான். மரத் தொட்டியோ பீப்பாயோ, உணவுக்கேற்ற தரத்தில் உள்ள பிளாஸ்டிக் பீப்பாயோ போதும். பழத்தைக் கையாலோ மரக்கட்டையாலோ நசுக்க வேண்டும். கொட்டையை உடைக்கக் கூடாது. கொட்டைப் பருப்பில் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது, உடைந்தால் அது ஊறலில் இறங்கும். கொட்டையோடு விட்டால் பாதாம் போன்ற ஒரு லேசான மணம் வரும், சிலருக்கு அது இல்லாமல் ட்ஸுய்காவே இல்லை. ஆனால் அளவு உண்டு. கல் போன்ற கொட்டையுள்ள பழங்களின் சாராயத்தில், 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 7 கிராம் ஹைட்ரோசயனிக் அமிலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. என்னைக் கேட்டால் பாதிக் கொட்டையையாவது எடுத்துவிடுங்கள்.

தொட்டியை ஐந்தில் நாலு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், நொதிக்கும்போது பொங்கி வழியும். சர்க்கரை சேர்த்தால் லிட்டர் கணக்கு ஏறும், மணம் இறங்கும், மறுநாள் தலைவலியும் நிச்சயம் என்று மாமா சொல்வார். தலைவலிக் கணக்கை நான் சோதித்துப் பார்க்கவில்லை. மணம் குறைவது மூக்குக்கே தெரிகிறது.

இரண்டு மூன்று நாளில் தோலும் சதையும் மேலே மிதந்து ஒரு தொப்பி மாதிரி கட்டிக்கொள்ளும், உள்ளே குமிழி விட்டுச் சத்தம் கேட்கும். முதல் வாரம் தினம் ஒரு தடவை அந்தத் தொப்பியைக் கட்டையால் உள்ளே அமுக்கி விட வேண்டும், இல்லையென்றால் மேல்பக்கம் காய்ந்து புளித்துவிடும். அதன்பிறகு மூடி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். 15 முதல் 20 டிகிரி வெப்பம் இருந்தால் மூன்று முதல் ஆறு வாரம். குளிர் முன்னாலேயே வந்துவிட்டால் இன்னும் நீளும், அதில் தப்பில்லை, மெதுவாக நொதித்ததுதான் மணக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். நொதிக்கும்போது கரியமில வாயு வரும், அது காற்றைவிடக் கனம், நிலவறையின் தரையில் தேங்கி நிற்கும். நிறம் இல்லை, வாடை இல்லை. நிலவறைக்குள் ஊறல் வைத்திருக்கிறவர்கள் இறங்கும்போது மெழுகுவர்த்தியை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். சுடர் அணைந்தால் அப்படியே திரும்பி ஏறிவிட வேண்டும். சுடர் எரிவதை மட்டும் நம்பியும் இறங்கக் கூடாது, கதவு ஜன்னலைத் திறந்து காற்றோட விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும், அதுவும் தனியாக வேண்டாம்.

முடிந்தது எப்படித் தெரியும்? தொப்பி தானாகக் கீழே இறங்கும், குமிழி நிற்கும், மேலே நிற்கும் நீர் தெளியும், வாயில் வைத்தால் இனிப்பே இருக்காது. அன்றிலிருந்து நாள் கடத்தக் கூடாது. பொறுமை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், இந்த ஒரு இடத்தில் மட்டும் சுறுசுறுப்பு வேண்டும். என் இரண்டாவது வருடத்தில் நானும் ஒரு பீப்பாய் போட்டேன். ஊரில் கொப்பரை வைத்திருந்த ஒருவரிடம் முறை சொல்லி வைத்திருந்தேன், அவர் நாளைத் தள்ளித் தள்ளி மூன்று வாரம் ஆக்கிவிட்டார். மூடியைத் திறந்தபோது வினிகர் வாடை கண்ணைக் கரித்தது. 140 கிலோ பழம். மாமா முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் பீப்பாயிலிருந்து இரண்டு வாளி எனக்குத் தனியாக எடுத்து வைத்தார்.

கொப்பரையும் தீயும்

காய்ச்சும் செப்புக் கொப்பரைக்கு 'கஸான்' என்று பெயர். ஊருக்கு ஓரிருவரிடம்தான் இருக்கும். மற்றவர்கள் ஊறலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் முறை போட்டு வடிப்பார்கள், கூலி பணமாகவோ சாராயமாகவோ கொடுப்பார்கள். செம்புதான் வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நொதிக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்களைச் செம்பு பிடித்துவைத்துக்கொள்ளும், அழுகிய முட்டை வாடை சாராயத்துக்குள் வராது. ஈயப் பற்றவைப்பு, துத்தநாகம் பூசிய தகரம், பழைய கார் ரேடியேட்டர், பிளாஸ்டிக் குழாய், இவற்றில் எதையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். உயிருக்கு ஆபத்து.

கொப்பரையை மூன்றில் இரண்டு பங்கு, மிஞ்சிப் போனால் நாலில் மூன்று பங்கு நிரப்பலாம். மேலே குவிந்த செப்பு மூடி, அதிலிருந்து குழாய், குழாய் ஒரு பெரிய தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறங்கிச் சுற்றி அடியில் வெளியே வரும். மூடி உட்காரும் இடுக்கில் ஆவி கசியாமல் இருக்கக் கோதுமை மாவுப் பசை வைத்து அடைப்பார்கள். இந்த வேலை மாமாவின் மனைவியுடையது. சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கொஞ்சம் தளர்வாகப் பிசைந்து, விரல் தடிமனில் கயிறாகத் திரித்து, இடுக்கைச் சுற்றி ஒட்டி, ஈரக் கையால் ஒரே இழுப்பில் வழித்துவிடுவார். தீ மூட்டியதும் அது வெந்து ரொட்டி ஓடு மாதிரி இறுகிவிடும். எங்காவது வெடித்து ஆவி சீறினால் உடனே ஒரு உருண்டையை எடுத்து அப்புவதற்காகப் பக்கத்திலேயே ஈரத்துணி போட்டு மாவு வைத்திருப்பார். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. குழாய் அடைத்துக்கொண்டு உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் விடுவது இந்த மாவுப் பசைதான், கொப்பரை வெடிக்காது. அதனால் மூடியை இறுக்கி முடுக்கிவிடும் புத்திசாலித்தனம் வேண்டாம்.

பிளம்ஸ் ஊறல் கஞ்சி மாதிரி கெட்டியாக இருக்கும், அடிபிடிக்கும். அடிபிடித்தால் அந்தத் தீய்ந்த வாடையை எதுவும் மறைக்காது. அதனால் கொப்பரைக்குள் கைப்பிடி போட்டுச் சுற்றும் ஒரு துடுப்பு இருக்கும், கொதி வரும் வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பையன்களுக்குத்தான் இந்த வேலை விழும். ஆவி ஏறி மூடி சூடாகத் தொடங்கியதும் விறகை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்துவிட வேண்டும். குழாய் முனையில் முதல் சொட்டு வந்தபின் தாரை ஈர்க்குச்சி தடிமனுக்கு மேல் போகக் கூடாது. தாரை தடித்தால் தீ அதிகம், தண்ணீர் ஆவியும் சேர்ந்து ஏறுகிறது என்று பொருள். பீப்பாய்த் தண்ணீரின் மேல்பாதி சூடாவது சரி, அடிப்பாதி சில்லென்று இருக்க வேண்டும்.

காற்றோட்டமுள்ள கொட்டகையில்தான் காய்ச்ச வேண்டும். சாராயம் பிடிக்கும் பாத்திரம் அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். ஒருவராவது குடிக்காமல் தெளிவாக இருக்க வேண்டும் என்பது மாமா வீட்டுச் சட்டம். அந்த ஒருவர் எப்போதும் அவர்தான்.

நெற்றி, நடு, வால்

முதலில் வருவதை அவர்கள் 'ஃப்ருன்தே' என்கிறார்கள், நெற்றி என்று பொருள். கடைசியில் வருவது 'கோவாதா', வால். நடுவில் வருவதுதான் சரக்கு.

நெற்றியில் நெயில் பாலிஷ் நீக்கும் திரவம் போல மூக்கைத் துளைக்கும் வாடை வரும். அசிட்டால்டிஹைடு, எத்தில் அசிட்டேட் என்ற வேதிப்பொருள்கள் அதில்தான் குவிந்திருக்கும். 100 லிட்டர் ஊறலுக்கு அரை லிட்டர் வரை இதைத் தனியாகப் பிடித்து ஒதுக்கிவிட வேண்டும், யாரும் குடிக்கக் கூடாது. வலிமை அதிகமாக இருக்கிறது என்பதற்காக "இதுதான் அசல்" என்று ஒளித்து வைக்கிறவர்கள் உண்டு, அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பிறகு வாடை மாறும், பழ மணம் எழும்பும். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தால் தெரிந்துவிடும். கடைசியில் தாரை வலுவிழந்து, லேசாக மங்கி, ஈர அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை வரும்போது வால் வந்துவிட்டது. அதைத் தனியாகப் பிடித்து அடுத்த கொப்பரையில் ஊற்றிவிடலாம்.

அர்ஜெஷ் பாணியில் இதோடு முடிந்தது. பலிங்கா வேண்டுமென்றால் முதல் வடிப்பில் வந்ததையெல்லாம் சேர்த்து, கொப்பரையைக் கழுவி, இன்னும் மெல்லிய தீயில் இரண்டாவது முறை வடிக்க வேண்டும், அப்போதும் நெற்றியை ஒதுக்க வேண்டும், தாரையின் வலிமை 45 சதவீதத்துக்கு இறங்கியதும் வாலைப் பிரித்துவிட வேண்டும்.

மெத்தனால் பற்றிப் பேசாமல் போக முடியாது. நம்மூர்க் கள்ளச்சாராயச் சாவுகள் தொழிற்சாலை மெத்தனாலைக் கலப்பதால் வருபவை. பழச் சாராயத்தில் இருக்கும் மெத்தனால் பழத் தோலின் பெக்டினிலிருந்து கொஞ்சமாக உண்டாவது. நெற்றியை ஒதுக்கினால் மெத்தனால் முழுக்கப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியில்லை. மெத்தனால் 65 டிகிரியிலும் எத்தனால் 78 டிகிரியிலும் கொதித்தாலும், இப்படிப்பட்ட சாதாரணக் கொப்பரையில் இரண்டும் கலந்தேதான் ஏறும், கடைசி வரை வந்துகொண்டிருக்கும். பிளம்ஸ் சாராயத்துக்கு ஐரோப்பிய விதி 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 1,200 கிராம் வரை அனுமதிக்கிறது. அதற்குள் நிற்க வழி, நல்ல பழம், சுத்தமான ஊறல், முடிந்தவுடன் வடித்தல், இவைதான்.

வடிக்கும் ராத்திரி தனிச் சுகம். வெளியே பனி இறங்கும், அடுப்புத் தணலில் உருளைக்கிழங்கு சுடுவார்கள், யாராவது வீட்டில் செய்த சாசேஜ் கொண்டுவருவார்கள், அடுத்த முறைக்காரர் இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுவார். குழாயடியில் பிடித்த இளஞ்சூடான சரக்கை ஆளுக்கு ஒரு மிடறு. ஊர் நியாயம் எல்லாம் அங்கேதான் பேசப்படும்.

வலிமை பார்ப்பதும் வைத்திருப்பதும்

ஊர்க்காரர்கள் குப்பியை உள்ளங்கையில் தட்டிக் குலுக்கிப் பார்ப்பார்கள். கழுத்தைச் சுற்றி மணி கோத்தது போல நுரை மணிகள் நின்றால் நல்ல வலிமை, உடனே உடைந்தால் தண்ணி. கண் பழகியவர்களுக்கு இது போதும், ஆனாலும் 20 டிகிரியில் ஆல்கஹால் மானி போட்டுப் பார்ப்பதுதான் உத்தரவாதம். குறைக்க வேண்டுமானால் காய்ச்சி வடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் கலங்கிவிடும்.

புதுச் சரக்கைக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் விட வேண்டும், அப்போதுதான் அந்த முள் குத்தல் அடங்கும். பிரம்புக் கூடை பின்னிய பெரிய கண்ணாடிக் குடுவையில் வைத்தால் நிறமில்லாமல் பழ மணத்தோடு இருக்கும். முசுக்கட்டை மரப் பீப்பாயில் வைத்தால் சில மாதத்திலேயே பொன் மஞ்சளாகிவிடும், காரம் குறைந்து தேன் போல ஒரு மென்மை வரும். எனக்கு முசுக்கட்டைதான் பிடிக்கும். கண்ணாடியில் வைப்பதாக இருந்தால் வெளிச்சம் படாமல் வையுங்கள். கொட்டையிலிருந்து வரும் சயனைடு வெளிச்சத்தில் எத்தில் கார்பமேட் என்ற தீங்கான பொருளாக மாறும். ஜன்னலோரம் அழகுக்கு அடுக்கி வைப்பதை நிறுத்த இதுவே போதும்.

எப்படிக் குடிக்கிறார்கள்

ட்ஸுய்கா சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பது, பசியைத் தூண்ட. 'ட்ஸோய்' என்று கழுத்து ஒடுங்கிய ஒரு சின்னக் குப்பியில் ஊற்றுவார்கள். கூடவே ஸ்லனினா, அதாவது உப்பிட்டுப் புகை போட்ட பன்றிக் கொழுப்பு மெல்லிய துண்டாக, பச்சை வெங்காயம், ரொட்டி, உப்பு வெண்ணெய்க்கட்டி. சூப் வந்ததும் ட்ஸுய்கா போய்விடும், ஒயின் வந்துவிடும். சாப்பாடு முழுக்க இதையே குடிப்பது மரியாதையான பழக்கம் இல்லை.

குப்பியை எடுத்தவுடன் குடித்துவிடாதீர்கள். எல்லோருக்கும் ஊற்றும் வரை பொறுங்கள், கண்ணைப் பார்த்து "நொரோக்!" என்று சொல்லிக் குப்பியைத் தொட்டுவிட்டுக் குடியுங்கள். நல்லதிர்ஷ்டம் என்று பொருள். வயதானவர்களிடம் "சனத்தாதே", ஆரோக்கியம், என்பதையும் சேர்த்துச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள். ஒரே மடக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல சரக்கை இரண்டு மூன்று மிடறாகக் குடித்து, முதல் மிடறுக்குப் பிறகு பழத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் அந்த வீட்டில் உங்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

போதும் என்றால் குப்பியைக் காலி செய்யாதீர்கள். காலியான குப்பி நிரப்பப்படும், அதுதான் விதி. பாதி வைத்துவிட்டுக் கையால் மூடிக்கொண்டு சிரித்தால் புரிந்துகொள்வார்கள். வண்டி ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டால் பேச்சே இல்லை, ருமேனியாவில் ஓட்டுநருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்யம்.

சடங்குகளில்தான் இதன் முழு அர்த்தமும் தெரியும். கல்யாணத்துக்கு அழைக்க வரும் இளைஞர்கள் 'ப்ளோஸ்கா' என்ற தட்டையான மரக்குப்பியில் ட்ஸுய்காவோடு வீடு வீடாகப் போவார்கள், அதிலிருந்து ஒரு வாய் குடித்தால் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். நாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல. சந்தையில் மாடு கைமாறினால் வாங்கியவரும் விற்றவரும் சேர்ந்து குடிப்பது 'அல்டமாஷ்', அது முடிந்தால்தான் வியாபாரம் முடிந்தது. டிசம்பர் 20, இக்நாத் நாளில் கிறிஸ்துமஸுக்கான பன்றியை அறுப்பார்கள். விடியற்காலை உறையும் குளிரில் வேலை செய்கிறவர்களுக்குச் சூடான ட்ஸுய்கா, வேலை முடிந்ததும் அன்றைய இறைச்சியை வறுத்து எல்லோரும் சேர்ந்து உண்ணும் 'பொமானா போர்குலுய்'. வடக்கே வாஷ் பகுதியில் மே மாதம் ஆட்டு மந்தைகளை மலைக்கு அனுப்பும் 'சம்ப்ரா ஓய்லோர்' விழாவில் ஹொரிங்கா ஓடும்.

இறப்பு வீட்டில் மட்டும் வேறு முறை, இதைத் தெரியாமல் தப்புச் செய்துவிடாதீர்கள். அங்கே குப்பியைக் குப்பியோடு தட்டக் கூடாது, "நொரோக்" சொல்லக் கூடாது. முதலில் சில சொட்டுகளைத் தரையில் விட்டு, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அமைதியாகக் குடிக்க வேண்டும். அந்தச் சொட்டு போனவருடைய பங்கு.

சூடான ட்ஸுய்கா

பனிக்காலத்துக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. அரை லிட்டர் ட்ஸுய்கா, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, பத்துப் பன்னிரண்டு மிளகு முழுசாக. பட்டை, கிராம்பு சிலர் போடுவார்கள், என் ருசிக்கு மிளகு மட்டும் போதும். சர்க்கரையில் ஒரு கரண்டியைக் காய்ந்த பாத்திரத்தில் போட்டுப் பொன்னிறமாக உருக்குங்கள். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, நெருப்பை அணைத்து, ஆறவிட்ட பிறகுதான் ட்ஸுய்காவை ஊற்ற வேண்டும். இல்லையென்றால் ஆவி பற்றிக்கொள்ளும். மீதிச் சர்க்கரையும் மிளகும் போட்டு மூடி, மிகச் சின்ன சூட்டில் வையுங்கள், கேஸ் சுடரைவிட மின்னடுப்பு நல்லது. ஓரத்தில் முதல் முத்து எழும்பியதும் இறக்கிவிடுங்கள், கொதிக்க விட்டால் வலிமை காற்றோடு போய்விடும். சின்ன மண் கோப்பையில் சூடாகக் கொடுக்க வேண்டும். சளி பிடித்தால் நாம் மிளகு ரசம் வைப்போம், அவர்கள் இதைக் கொடுப்பார்கள்.

வீட்டுப் பெண்கள் பெருமையாக எடுத்து வைப்பது விஷினாத்தா. ஒரு கிலோ புளிப்புச் செர்ரியில் அரைக் கிலோ சர்க்கரை போட்டுப் பாகு விடும் வரை சில நாள் வெயிலில் வைத்து, பிறகு ஒரு லிட்டர் ட்ஸுய்கா ஊற்றி இரண்டு மூன்று மாதம் மூடி வைத்தால் தயார். குப்பியின் அடியில் கிடக்கும் செர்ரியையும் சாப்பிடலாம், அதில் போதை அதிகம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு

சாலையோரம் தண்ணீர் பாட்டிலில் விற்பதை வாங்காதீர்கள், யார் வடித்தது என்று தெரியாது. தெரிந்த வீட்டில் குடியுங்கள், ஊருக்குக் கொண்டுபோகக் கடையில் முத்திரையிட்டதை வாங்குங்கள். விமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் வலிமையானதை ஏற்ற மாட்டார்கள், அதற்குக் கீழே கடைப் பொதியில் ஐந்து லிட்டர் வரை சரக்குப் பெட்டியில் போகலாம். இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் ஒருவருக்கு இரண்டு லிட்டர்தான்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மாமா நிலவறைக்கு அழைத்துப் போனார். குடுவைகளின் கழுத்தில் நூலால் கட்டிய அட்டைத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் பென்சிலில் வருடம். மூலையில் ஒரு முசுக்கட்டைப் பீப்பாய் மட்டும் மெழுகால் அடைத்திருந்தது, 2011 என்று எழுதியிருந்தது. பேத்தி பிறந்த வருடமாம். அவள் கல்யாணத்துக்குத்தான் திறப்போம் என்றார். பக்கத்தில் ஒரு குப்பி தனியாக இருந்தது. அதன் அட்டையில் வருடத்துக்குக் கீழே என் பெயரை ருமேனிய எழுத்துக்கூட்டலில் எழுதியிருந்தார், அவர் எனக்கு ஒதுக்கிக் கொடுத்த அந்த இரண்டு வாளி ஊறலில் வடித்தது.